500 எம்.எம். பஞ்சாயத்து

புதுக்கோட்டை மாவட்டத்தில் படம் எடுக்கத் தகுந்தவை பெரும்பாலும் அசையாத சங்கதிகள். நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரம் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாக மேற்கே பார்த்துக்கொண்டு அதே பாறைமேல் நிற்கிறது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் படுத்திருந்த சமண முனிவர்கள் எழுந்து போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. வழவழவென்று தேய்த்து வைத்த கல்படுக்கைகள் போட்டது போட்டபடி கிடக்கின்றன. கொடும்பாளூர் மூவர் கோயிலில் ஒன்று இடிந்து போனதே தவிர, மீதி இரண்டும் இம்மி நகரவில்லை. வெயிலும் தாராளம். கேமராக்காரனுக்கு இதைவிடத் தோதான மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கட்சி.

எங்கள் குழுவில் ஒருவருக்கும் இவை வேண்டாம். எல்லாருக்கும் விராலிமலை மயில்தான் வேண்டும். அதுவும் தோகை விரித்த மயில். அதுவும் நம்மைப் பார்த்து விரித்த மயில்.

குழு என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழராஜ வீதிப் பக்கம் ஒரு டீக்கடையில் கூடுகிற கூட்டம். பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பலகை வைக்க வேண்டும், பலகை வைத்தால் அதில் ஒரு படம் போட வேண்டும், யார் எடுத்த படத்தைப் போடுவது என்பதில் விஷயம் நின்றுவிட்டது. மருந்துக்கடை அண்ணன் ஒருவர், ஓய்வுபெற்ற ரெவின்யூ சார், பாலிடெக்னிக் தம்பி, ஒரு வாத்தியார், கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்து நிஜமாகவே சம்பாதிக்கிற ஒருவர் ஆகியோர் முக்கியஸ்தர்கள். கடைசியில் சொன்னவருக்கு எங்கள்மேல் மரியாதை கிடையாது. டீக்காசு கொடுப்பவரும் அவர்தான் என்பதால் அதை யாரும் கிளறுவதில்லை.

வழக்குத் தீர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு என் நடுநிலைமை காரணமல்ல. அப்போது என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி லென்ஸ் எதுவும் இல்லை. ஆகவே என்மேல் யாருக்கும் பொறாமை இல்லை. “சார்தான் எதுலயும் பட்டுக்காம இருக்காரு, அவரே சொல்லட்டும்” என்றார்கள். சொத்து இல்லாதவனைப் பஞ்சாயத்தாராக்கும் நல்ல வழக்கம் வேறெந்தத் துறையிலும் இல்லை.

நான் விசாரித்த வழக்குகளில் மேக வழக்குதான் பெரியது. மருந்துக்கடை அண்ணன் நார்த்தாமலையை எடுத்துவந்து காட்டினார். மலைக்குமேல் திரண்டு உருண்ட கார்மேகம். எல்லாரும் வாயைப் பிளந்தோம். வாத்தியார் மட்டும் படத்தைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போன மாதம் அதே அண்ணன் எடுத்த திருமயம் கோட்டைப் படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதிலும் அதே மேகம். ஓரத்தில் அதே வால்.

“ஒரே மேகம் ரெண்டு ஊருக்கும் வந்திருக்கு. மழைதான் ரெண்டு ஊருலயும் பெய்யல” என்றார் வாத்தியார்.

இணையத்தில் வானம் விற்கிறார்கள் என்பதும், நூறு வானம் வாங்கினால் விலை சல்லிசு என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒரு மாதம் படம் காட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னேன். அண்ணன் பேசாமல் எழுந்து போனார். அடுத்த ஞாயிறு ஒரு கத்தைத் தாளோடு வந்தார். “லினேயஸ் டிரைப்னு ஒருத்தர். கேள்விப்பட்டிருக்கீங்களா?”

கேள்விப்பட்டிருந்தேன். புதுக்கோட்டையில் கேமரா பிடித்துக்கொண்டு திரிகிற எவனும் அவர் பெயரைச் சொல்லாமல் தப்ப முடியாது. சென்னை மாகாண அரசு சம்பளம் கொடுத்து வைத்திருந்த படப்பிடிப்பாளர், பட்டாளத்துக் கேப்டன். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு சேலம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை என்று சுற்றிப் புதுக்கோட்டைக்கும் வந்தார். ராமச்சந்திரத் தொண்டைமான் ஆண்ட காலம். அடுத்த ஆண்டே, 1858-ல், ஊருக்கொரு தொகுதியாகப் படங்கள் வெளிவந்தபோது புதுக்கோட்டைக்கென்று தனித் தொகுதி இருந்தது. திருமயத்தில் வெளிக்கோயிலுக்கும் உள்கோயிலுக்கும் நடுவேயுள்ள வாசல் மண்டபத்தை அவர் எடுத்த படம் இன்றைக்கும் பெரிய மியூசியங்களில் இருக்கிறது. மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். ஓர் அடிக்கு மேல் நீளம். ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். அந்த நேரத்துக்கு ஆள், மாடு, மரக்கிளை எது ஆடினாலும் படத்தில் கரைந்துபோகும். ஆகவே மனிதர் கல்லைத் தேடிப் போனார். கல்லுக்கு இந்த ஊரில் பஞ்சமா?

அண்ணன் கொண்டுவந்த தாள்களில் இருந்த சேதி வேறு. அந்தக் காலத்து நெகட்டிவுக்கு நீல நிறம் என்றால் தாங்காது. வானம் வெளிறி வெற்றிடமாகிவிடும். வெறும் வானம் பிடிக்காத டிரைப், நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகம் வரைவார். மரத்துக்கு இலைகூடத் திருத்துவார்.

“1858-லயே ஒட்டியிருக்காங்க சார். நான் செஞ்சா மட்டும் குத்தமா?”

டீக்கடையே என்னைப் பார்த்தது. பாலிடெக்னிக் தம்பி முன்மாதிரித் தீர்ப்பு, முன்மாதிரித் தீர்ப்பு என்று முணுமுணுத்தான். நான் டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். “டிரைப் விலைக்கு வாங்கல. தன் கையால வரைஞ்சார். நீங்களும் வரைஞ்சு கொண்டாங்க, ஒத்துக்கிறேன்” என்றேன். அண்ணன் அன்றிலிருந்து ராத்திரி கடையடைத்த பிறகு மேகம் வரையப் பழகுகிறார். இதுவரை வந்தவை எல்லாம் காலிஃபிளவர் மாதிரி இருக்கின்றன என்று வாத்தியார் சொல்கிறார். அந்த வாக்கியத்தைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லி அண்ணன் தரப்பில் ஒரு மனு நிலுவையில் இருக்கிறது.

டிரைப்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசாங்க நிதி இருக்கிற நிலைமைக்குப் புகைப்படம் பெரிய ஆடம்பரம் என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார். நூற்று அறுபது வருஷம் கழித்தும் எங்கள் குழுவினர் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த டிரெவெல்யன் சேலை கட்டிக்கொண்டு இருப்பதாகக் கல்யாண போட்டோகிராபர் சொல்வார். என் வீட்டம்மாவிடம் இதைச் சொன்னேன். “அந்த ஆளு பேரு என்னன்னு சொன்னீங்க?” என்று கேட்டு, மரியாதையோடு காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டாள்.

திருமயத்திலும் ஒரு தகராறு. கோட்டை உச்சிப் பாறையில் சூரியோதயத்துக்குத் தோதான இடம் ஒன்றுதான். வாத்தியாரும் தம்பியும் இருவருமே அதைத் தன் இடம் என்றார்கள். எனக்குக் கல்வெட்டு கைகொடுத்தது. அதே மலையடியில் சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்துக் குடைவரைகளில் இருக்கிறார்கள். வருமானத்தைப் பிரிப்பதில் இரண்டு கோயில்காரர்களுக்கும் நெடுநாள் சண்டை. 1245-ல் ஹொய்சளத் தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் பஞ்சாயத்துக் கூடி, வரவைப் பங்கு போட்டு, நடுவில் சுவர் எழுப்பச் சொல்லிக் கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தில் நான் சுவர் எழுப்ப முடியாது. துண்டை விரித்துப் பிரித்தேன். சூரியன் உதிப்பதற்குள் காற்று அந்தத் துண்டை மலைக்குக் கீழே கொண்டுபோய்விட்டது; அது என் துண்டு.

விராலிமலையில் ரெவின்யூ சார் மேல் வந்த வழக்கு கொஞ்சம் நுட்பமானது. அவர் மயில் படங்கள் மட்டும் எப்போதும் அருமையாக வந்தன. மயில் கிட்டத்தில் நிற்கும், தலை குனிந்திருக்கும். எப்படி என்று பின்னாலேயே போய்ப் பார்த்த தம்பி, சட்டைப்பையிலிருந்து அரிசி விழுவதைக் கண்டுவிட்டான். மயில் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. இரை காட்டிக் கூப்பிட்டுப் படம் எடுப்பது கௌரவமான காரியமா?

“இரையா? முருகன் வாகனத்துக்கு நான் போடுற தானியம் தம்பி அது. எங்க அப்பா காலத்துலேர்ந்து போடுறோம். அதே முருகனுக்கு இந்தக் கோயில்ல சுருட்டு வச்சுப் படைக்கிறாங்க, அதைக் கேப்பியா நீயி?”

உண்மைதான், விராலிமலையில் சுருட்டு நைவேத்தியம் உண்டு. புண்ணியத்துக்கும் தூண்டிலுக்கும் நடுவே கோடு போடும் வேலை எனக்கு வந்தது. ‘புண்ணியம் செய்யும் நேரத்தில் கேமரா கையில் இருக்கக் கூடாது. மயில் இருக்கும் இடத்தில் தானியம் எதுவும் தரையில் இருக்கக் கூடாது’ என்று இரண்டு விதி எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். ரெவின்யூ சார் தேதியும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். முத்திரை இன்னும் அவரிடம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இப்படி நிம்மதியாக ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதுதான் சிங்கப்பூர் மாமா ஊர் திரும்பினார். கையில் ஒரு பொட்டலம். “மாப்ள, சுங்கை ரோட்டுல வாங்குனது. அந்தச் சந்தைய 2017-ல மூடிப்புட்டான்ல, அதுக்குக் கொஞ்சம் முந்தி. ரஷ்யா சாமான். நீ போட்டோ புடிக்கிறியாமே, வச்சுக்க.”

பிரித்தால் சோவியத் காலத்து 500 எம்.எம். கண்ணாடி லென்ஸ். எம்.டி.ஓ. வகை. திமித்ரி மக்சுதோவ் என்ற ஒளியியல் மேதை 1941-ல் தொலைநோக்கிக்காக வகுத்த அமைப்பு இது. வெளிச்சம் முன்பக்கத்துக் கண்ணாடி வழியாக நுழைந்து, பின்னாலுள்ள குழியாடியில் மோதி, முன்னால் நடுவில் ஒட்டியிருக்கும் சின்ன ஆடிக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி பின்னோக்கி வந்து, பெரிய ஆடியின் நடுவிலுள்ள துளை வழியாகக் கேமராவுக்குள் போகும். போக்கும் வரத்தும் ஒரே குழாய்க்குள் நடப்பதால் நீளம் கம்மி. 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இந்த வகைக்குப் பெரிய பரிசு கிடைத்தது. டிரைப்பின் புதுக்கோட்டைத் தொகுதிக்குச் சரியாக நூறாவது வருஷம் என்று கணக்குப் பண்ணி எனக்குள் ஒரு புல்லரிப்பு.

புல்லரிப்பு மறுநாள் காலை வரைக்கும் இருந்தது.

அந்த லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது. எஃப்-8 என்றால் எஃப்-8. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கு ஒன்றுதான். நடுவிலுள்ள ஆடி மறைப்பதால் அந்த எஃப்-8-ம் முழுசாக வந்து சேராது. ஆட்டோஃபோகஸ் இல்லை. வளையத்தைத் திருப்ப இரண்டு கை வேண்டும். கேமராவைப் பிடிக்க மூன்றாவது கை. ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் கீழே போனால் என் நாடித்துடிப்பு படத்தில் வரும். பத்து மீட்டர் தள்ளி ஒரு மயில் நின்றால், அதில் தெளிவாக விழுவது ஒரு சாண்கூடத் தேறாது. கண்ணுக்குப் பிடித்தால் வால் போகும், கழுத்துக்குப் பிடித்தால் கண் போகும். ஸ்டாண்டு போட்டால் சரியாகும்தான். ஆனால் தொல்லியல் துறை இடங்களில் ஸ்டாண்டுக்கு அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக்குப் போய் நிற்கிற பொறுமை இருப்பவன் மயிலையே வரைந்துவிடலாம்.

பத்து மணிக்கு மேல் செம்மண் பொட்டலில் கானல் எழும்பும். சும்மா பார்த்தால் தெரியாது. இந்த லென்ஸ் அதை மட்டும் ஒரு குறை வைக்காமல் பதிவு செய்தது. நார்த்தாமலை தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி நெளிந்தது. ஆயிரத்து நூறு வருஷமாக அசையாததை நான் அசைத்துக் காட்டினேன் என்று தம்பி பாராட்டினான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வடை விவகாரம்தான் என் மானத்தை வாங்கியது. நடுவில் ஒட்டியிருக்கும் ஆடி காரணமாக, ஃபோகஸில் இல்லாத ஒளிப்புள்ளி ஒவ்வொன்றும் நடுவில் ஓட்டையோடு வளையமாக விழும். குளத்தங்கரையில் மீன்கொத்தியை எடுத்தேன். பின்னால் தண்ணீரில் மின்னிய வெயில் அத்தனையும் மெதுவடை. அச்சுப்போட்டு டீக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு சார். இது எந்தக் கடை?”

ஓரத்தில் ஒரு மீன்கொத்தி இருப்பதை நான் காட்டினேன். “ஈ வேற மொய்க்குது” என்றார்.

ரெவின்யூ சார் ஆதாரத்தோடு பேசினார். நடுவர் என்பவர் லென்ஸ் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதுதான் நியமனத்தின் அடிப்படை. இப்போது அவரிடம் லென்ஸ் வந்துவிட்டது. ஆகவே பதவி காலி. நான் எடுத்த படங்களைப் பார்த்த வாத்தியார், “இதை லென்ஸ் கணக்குல சேக்க முடியாது” என்று வாதாடி என் பதவியைக் காப்பாற்றினார். அவருக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று இன்றும் தெரியவில்லை.

அசையாத பொருளுக்கே திரும்புவோம், டிரைப் வழிதான் நம் வழி என்று குளமங்கலத்துக்குப் போனேன். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். முன்னால் முப்பது அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிற குதிரை. மாசி மகத்தன்று காகிதப்பூ மாலையாகச் சாத்திச் சாத்திக் குதிரையே மறைந்துவிடும். மற்ற நாளில் வெறும் குதிரைதான், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். கண்ணை வைத்துப் பார்த்தேன். மூக்குத் துவாரம் தெரிந்தது. பின்னால் நகர்ந்தேன். உதடு. இன்னும் நகர்ந்தேன். அந்த உயரக் குதிரை 500 எம்.எம்.முக்குள் முழுசாக அடங்க வேண்டுமானால் இருநூறு மீட்டராவது விலக வேண்டும் என்று கணக்குச் சொன்னது. தென்னந்தோப்பு, வாய்க்கால், ஒரு கடலைக்கொல்லை எல்லாம் தாண்டி, மரங்களுக்கு நடுவே தோதான சந்து கிடைத்து நின்றபோது ஒரு பெரியவர் வரப்பில் வந்தார்.

“என்னய்யா, சர்வேயா?”

“இல்லய்யா, குதிரையப் படம் எடுக்கிறேன்.”

“குதிரை அங்கல்ல இருக்கு. இங்க நின்னு என்னத்த எடுப்பே? ரோடு போடப் போறியளா? எங்க வழியா வருது சொல்லு.”

லென்ஸில் ஓர் ஆடி இருப்பதையும், அது ஒளியை மடிப்பதையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். முடிவில், “சரி, சென்ட்டுக்கு எவ்வளவு குடுப்பாக?” என்றார். கொஞ்ச நேரத்தில் கொல்லைக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் பட்டா நகலோடு வந்திருந்தார். நான் லென்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அந்தப் பக்கம் நிலத்தின் விலை அன்று சாயங்காலமே ஏறியதாகக் கேள்வி.

ஆடி மாதம் வந்தது. தோகை நிறைந்திருக்கும் பருவம். குழு விராலிமலைக்குப் புறப்பட்டது. கோயிலுக்கு எட்ட, மலையடியில் ஒரு முள்காட்டோரம் பாறை ஒன்று வசதியாகக் கிடந்தது. ஸ்டாண்டுக்குப் பதிலாகப் பையில் எதையாவது நிரப்பி, அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் ஆடாது என்பது வெளிநாட்டுப் பறவைப் படக்காரர்கள் பழகிவைத்த முறை. அவர்கள் பீன்ஸ் விதை நிரப்புவார்கள். எங்கள் மாவட்டத்தில் எது மலிவோ அதை நிரப்பினேன். வறுத்த நிலக்கடலை.

வறுக்காமல் கொண்டுபோயிருக்கலாம்தான். வறுத்தது லேசு, தூக்கச் சுலபம்.

லென்ஸ் பையின்மேல் அம்சமாக உட்கார்ந்தது. மயில் வரக் காத்திருந்தோம். காத்திருக்கும்போது கை சும்மா இருக்குமா? பையின் தையல் ஓரம் ஒரு விரல் நுழைகிற அளவு பிரிந்திருந்ததை முதலில் கண்டுபிடித்தது தம்பி. பிறகு வாத்தியார். கல்யாண போட்டோகிராபர் தோலை ஊதி ஊதித் தின்றார். என் அடிவானம் மெல்ல மெல்ல இறங்கியது. எட்டு மணிக்கு மயில் மட்டத்துக்கு இருந்த லென்ஸ், ஒன்பது மணிக்கு அதன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது வந்தது. முழுத் தோகை. வெயில் பட்டுக் கழுத்து நீலம் கண்ணைப் பறித்தது. இருபது மீட்டரில் வளையத்தைத் திருப்பினேன், ஃபோகஸ் விழுந்தது. பதினைந்து, பத்து, திருப்பிக்கொண்டே இருந்தேன். ஜென்மத்தில் முதல்முறையாக மயில் என் பக்கம், என்னை மட்டும் பார்த்து வருகிறது. மற்றவர்கள் மூச்சுவிடவில்லை. ஆறு. ஐந்து. நாலு மீட்டரில் வளையம் முட்டி நின்றது. அதற்கு மேல் கிட்டே இருப்பதை அந்த லென்ஸால் பார்க்க முடியாது, கையை விரித்துவிட்டது. மயில் நிற்கவில்லை. நேரே பாறைக்கு வந்து, லென்ஸுக்குப் பக்கத்தில் கழுத்தை நீட்டி, சிந்திக் கிடந்த கடலையைக் கொத்தத் தொடங்கியது. நான் ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்ய?

மயில் போனதும் ரெவின்யூ சார் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து நான் எழுதிய விதிகளின் நகலை எடுத்தார். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

“ரெண்டாவது விதி. தானியம் எதுவும் தரையில் இருக்கக் கூடாது.”

“கடலை தானியம் இல்ல சார், எண்ணெய் வித்து” என்றேன். எடுபடவில்லை. “அது இரை இல்ல, தாங்கி” என்றேன். அதைத் தின்றவர்களைச் சாட்சிக்கு அழைத்தேன்; மூன்று பேரும் மலையைப் பார்த்தார்கள். என் வழக்கை நானே விசாரிக்க முடியாது என்பதால் நடுவர் இருக்கை மருந்துக்கடை அண்ணனுக்குப் போனது. காலிஃபிளவர் வருத்தம் ஆறாத மனிதர். சம்பந்தப்பட்ட படங்களை ஆதாரமாகக் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அச்சுப்போட்டுக் கொடுத்தேன். அண்ணன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நீலக் கலங்கல். பச்சையாக ஏதோ கசிவு. மூலையில் நாலைந்து வடை. தலைகீழாகவும் பார்த்தார். டீக்கடைக்காரரிடம் நிபுணர் கருத்துக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். தாக்கல் செய்யப்பட்ட ஆதாரங்களில் காணப்படுவது மயில்தான் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. மயில் இல்லையென்றால் குற்றமும் இல்லை. எதிரி விடுதலை.

“அது மயில்தாங்க, நல்லாப் பாருங்க, இந்தா கழுத்து” என்று நான் வெகுநேரம் வாதாடிப் பார்த்தேன்.